ஸ்டிக்கர் ஒட்டாத டிஸ்க்

மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளறையில் டிவிடி ரெக்கார்டர் தானாகவே விழித்துக்கொண்டது. முதலில் ஒரு சொடுக்கு, பிறகு டிஸ்க் சுழலும் சன்னமான இரைச்சல். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்த கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தினமும் மூன்று மணிச் செய்தியைப் பதிவுசெய்ய அவர் டைமர் வைத்திருந்தார். காலையில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டதை மெஷினுக்கு யாரும் சொல்லவில்லை.

"நான் போய் நிறுத்துறேன்" என்று எழுந்தாள் அவர் மனைவி.

அக்கம்பக்கத்தில் அவளுக்கு லைப்ரரியம்மா என்று பெயர். பள்ளி நூலகத்தில் முப்பது வருஷம் புத்தகங்களுக்கு எண் எழுதி ஒட்டியவள். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்ந்த அவர், கேமராவில் பிடித்ததையெல்லாம் டிஸ்க்கில் ஏற்றித் தள்ளினார். இவள் ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டி, குண்டு குண்டான எழுத்தில் தலைப்பும் தேதியும் எழுதி அடுக்கினாள். அந்த அலமாரியிடம் பள்ளி நூலகம் பிச்சை வாங்க வேண்டும்.

ஒரே குறை, ஒரு டிஸ்க்கும் கடைசிவரை ஓடாது. முக்கால்வாசி தூரம் நல்ல பிள்ளையாக ஓடிவிட்டு, பிறகு படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். "இந்த டப்பாவத் தூக்கிக் கடாசுங்க" என்று அவள் திட்டாத நாள் கிடையாது. அவர் "மெஷின் லென்ஸ்ல தூசி" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடுவார்.

மெஷினை நிறுத்தினாள். நான்கு மணிக்கு வண்டி வந்துவிடும். காலையில் எழுப்பப் போனபோது அவர் கை சில்லிட்டிருந்தது. போகும் மனிதர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லை. வீட்டை விட்டு அவரைக் கொண்டுபோவதற்குள் ஒரே ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

'இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள்' என்று எழுதியிருந்த டிஸ்க்கைப் போட்டாள். கேமராவைப் பிடித்திருந்தது மகள். ரிமோட்டால் வேகமாக ஓட்டினாள். கட்டில் மேசை வந்து சேராத அறைகள், பெயின்ட் வாளி, கடைசியில் வாசல்படியில் அவர். "உங்கம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று சிரித்தார். வாயைத் திறந்தார். படம் உடைந்தது.

திரும்பவும் போட்டாள். அதே சிரிப்பு, அதே இடம். மூன்றாவது தடவை அவர் கன்னத்தின் பாதி சுவரோடு கலந்து நின்றது. கூடத்தில் அவர் வாயைத் துணி வைத்துக் கட்டியிருந்தார்கள். இங்கே திறந்த வாயோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லித் தொலைங்களேன்" என்றாள் டிவியிடம். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

துக்கம் விசாரிக்க வந்திருந்த டிவி மெக்கானிக் அறை வாசலில் நின்றிருந்தார்.

"அக்கா, விட்டுடுங்க. அது ஓடாது."

"அந்த லென்ஸக் கொஞ்சம் தொடச்சுக் குடு தம்பி. ஒரு நிமிஷம் ஓடினாப் போதும்."

மெக்கானிக் உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"லென்ஸ்ல ஒண்ணும் இல்லக்கா. நீங்க ஒட்டுற ஸ்டிக்கர்தான். பேப்பர் ஒரு பக்கம் கனமாப் போயிடும், சுத்துறப்ப டிஸ்க் ஆடும். டிஸ்க் உள்ளேருந்து வெளியதான் ஓடும். ஓரத்துக்கு வந்ததும் மெஷினால படிக்க முடியாது."

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"நான் சொல்லச் சொன்னேன்க்கா. 'முப்பது வருஷமா ஒட்டின கைடா, நிறுத்துன்னு நான் எப்படிச் சொல்வேன்'னாரு. என்னையும் லென்ஸுன்னே சொல்லச் சொல்லிட்டாரு."

ரெண்டு வருஷம். எத்தனை நாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, ஒரு டிஸ்க் உருப்படியாக ஏற்றத் தெரியாத மனுஷன் என்று கத்தியிருக்கிறாள். அத்தனையையும் வாங்கிக்கொண்டு அவர் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. எழுந்து போய்ச் சண்டை போட ஆள் இல்லை.

"எல்லாத்துலயும் ஸ்டிக்கர் இல்லாம இன்னொண்ணு எடுத்து வெச்சிருக்காரு" என்று மெக்கானிக் அலமாரியின் மேலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை இறக்கினார். உள்ளே ஐம்பது அறுபது டிஸ்க்குகள், ஒன்றில்கூட எழுத்து இல்லை. "பேனாவால எழுதியிருக்கலாம். உங்க கண்ணுல பட்டா மாட்டிக்குவோம்னு பயம்."

எது எந்த நாள் என்று நூலகக்காரிக்கே தெரியவில்லை. சுவர்க் கடிகாரம் நான்குக்குப் பத்து நிமிஷம் காட்டியது. கைக்கு வந்த ஒன்றை உருவிப் போட்டாள்.

குடிவந்த நாள் இல்லை. இதே அறை, ஏதோ ஒரு மத்தியானம். மேசைமேல் குனிந்து உட்கார்ந்திருந்தது அவளேதான்.

"பதினொண்ணாவது டெஸ்ட். ஸ்டிக்கர் ஒட்டல" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. மீட்டர் ரீடிங் சொல்கிற அதே குரல். அவள் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஓரம் வரைக்கும் நிரப்பிப் பாக்கணும்ல, அதான் ரெண்டு மணி நேரம் ஓட விட்டிருக்காரு" என்று மெக்கானிக் கடைசிக்குத் தள்ளினார். திரையில் வெயில் சட்டென்று சுவருக்கு ஏறியது. அவள் மட்டும் அதே நாற்காலியில், அடுத்த டிஸ்க்கோடு.

"இங்க உடையக் கூடாது" என்றது குரல், மூச்சுக்குள்.

திரையில் இருந்தவள் தலையைத் தூக்கினாள். "யாரோட பேசுறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ ஒட்டு."

"அம்மா, வண்டி வந்துடுச்சு" என்று மகள் கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"வரேன்" என்றாள். எழவில்லை.

திரையில் அவள் கட்டைவிரல் ஸ்டிக்கரின் நடுவிலிருந்து ஒரு காற்றுக் குமிழை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. கேமரா மெல்ல அந்தக் கைக்குப் பக்கத்தில் வந்து அங்கேயே நின்றது.