மோசஸ் சம்பத்தின் வலதுகால் பெருவிரல்

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஆம்பூர் ஒலிவமலை ஆலயத்தில் எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் இனிமேல் கிழவனும் அல்ல, கிழவியும் அல்ல. அவர்கள் ‘அந்திநேரப் பயணிகள்.’ ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்காலமான லெந்து தொடங்கும் சாம்பல் புதன் ஆராதனையில், சபைப் போதகரான ஐயர் இதை அறிவித்தபோது கோவில் மின்விசிறிகள்கூட மரியாதையாக நின்றுவிட்டன. கரண்ட் போயிருந்தது.

திட்டத்தின் கர்த்தா பிரேம்நாத். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், சபைக் கமிட்டியின் செயலாளர். வயது அறுபத்திரண்டு என்பதால் முதுமையைப் பற்றிச் சகலமும் தெரிந்தவர். பெங்களூரில் ஒரு நல்ல ஓட்டலில் நடந்த இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போய், ‘முதுமை: ஓர் ஆவிக்குரிய பயணம்’ என்று அட்டை போட்ட ஃபைலோடு திரும்பியிருந்தார். பயணத்தில் ஆறு நிறுத்தங்கள். முதலாவது நினைவுகூருதல், ஆறாவது மகிமை. அதற்கு அடுத்த நிறுத்தம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஃபைலில் போடவில்லை.

பயணிகளின் பட்டியலில் முதல் பெயர் மோசஸ் சம்பத். வயது எழுபத்தொன்பது. ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் செக்‌ஷனில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். ஜெர்மன்காரன் பாதம் எத்தனை மில்லிமீட்டர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆவிக்குரிய சிக்கல் என்று அவருக்கு எதுவும் கிடையாது. ஆண்டவரோடு தினமும் பேசுகிறார், அவ்வப்போது சண்டையும் போடுகிறார், உறவு நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் எல்லாம் வலதுகால் பெருவிரலில்.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் குனிய முடியாது. மனைவி இருந்தவரைக்கும் அவள் வெட்டிவிட்டாள். அவள் போய்ச் சேர்ந்தபின், நகம் கேட்பாரில்லாமல் வளர்ந்து, வளைந்து, ஓரத்தில் சதைக்குள் இறங்கிவிட்டது. ஷூவுக்குள் கால் போகவில்லை. ஊருக்கெல்லாம் ஷூ வெட்டிக் கொடுத்த மனுஷன் ஹவாய் செருப்பைத் தேய்த்துக்கொண்டு கோவிலுக்குப் போனார். கடைசி வருஷம் தன் கையால் வெட்டிய தோலில் தைத்த கறுப்பு ஷூ ஒன்று கட்டிலடியில் இருந்தது. ஈஸ்டர் விடியற்காலை ஆராதனைக்கு அதைப் போட்டுக்கொண்டு நடந்து போக வேண்டும். அந்த லெந்து நாட்கள் முழுவதும் அவர் ஜெபித்தது இவ்வளவுதான். சாம்பல் புதன் அன்று ஸ்டீல் ஸ்கேலை நாற்காலியில் தூக்கி வைத்த காலருகே பிடித்து அளந்தார்; கை எட்டாத விரலுக்கு ஸ்கேல் எட்டியது. விரல் நுனியைத் தாண்டி நகம் ஒன்பது மில்லிமீட்டர்.

சலூன்காரன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். “சுகர் பார்ட்டி நீ, பெரியவரே. ரத்தம் வந்தா நான் இன்னா பண்றது?”

பூனாவில் இருக்கும் மகள், ஆப்பில் புக் பண்ணினால் வீட்டுக்கே வந்து வெட்டுவார்கள் என்றாள். அந்த ஆப்புக்கு ஆம்பூர் என்று ஒரு ஊர் இருப்பதே தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசாவுக்கு மனசு இருந்தது, கண்தான் இல்லை. “எனக்குப் பொரை விழுந்திருக்குது அண்ணா. நகம்னு நெனச்சி விரலையே வெட்டிருவேன், ரொம்ப பேஜாராயிடும்” என்றாள்.

இரண்டாம் வாரம் பிரேம்நாத் ஃபைலும் பேனாவுமாக வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்ததும் ஒரு நீண்ட ஜெபம் செய்தார். பிறகு கேட்டார்:

“சொல்லுங்க பிரதர். இந்தப் பயணத்துல உங்க தேவை இன்னா? மனசத் தொறந்து சொல்லுங்க.”

“கால் நகம் வெட்டணும்.”

பிரேம்நாத் பேனாவை எடுத்தார், ஃபைலைப் புரட்டினார், முகம் சுருங்கியது. “அது ‘சரீரத் தேவை’ கட்டத்துல வருது பிரதர். அதுக்கு மெடிக்கல் சப் கமிட்டி போடணும். இன்னும் போடல.”

“கட்டர் என்கிட்டயே கீது. ரெண்டு நிமிஷ வேலை.”

“நான் வெட்டலாம். ஆனா இன்னிக்கு உங்களுக்கு வெட்டினா நாளைக்கு எல்லாருக்கும் வெட்டணும். சிஸ்டம்னு ஒண்ணு இருக்குது பாருங்க. தனிமை, பயம், மரண சிந்தனை, இப்படி எதுனா இருந்தா சொல்லுங்க. இப்பவே எழுதிக்கிறேன்.”

“எதுவும் இல்ல.”

“யோசிச்சிப் பாருங்க.”

மோசஸ் சம்பத் யோசித்தார். வந்த மனுஷனை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், “கொஞ்சம் தனிமைன்னு போட்டுக்கோங்க” என்றார். பிரேம்நாத் முகம் மலர எழுதிக்கொண்டு போனார்.

இந்தத் தாராளத்துக்குப் பலன் கிடைத்தது. ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்பு வரும் பெரிய வியாழன் ஆராதனையில், இயேசு சீஷர்களுக்குச் செய்ததுபோல, ஐயர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். இந்த வருஷம் பன்னிரண்டும் அந்திநேரப் பயணிகளின் கால்கள். மோசஸ் சம்பத் பன்னிரண்டாவது. கேள்விப்பட்டதும் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார். ஐயர் முழங்கால் போட்டு, இந்தக் காலைக் கையில் ஏந்தி, முகத்துக்கு நேரே பார்க்கப்போகிறார். இதற்கு மேல் ஆண்டவர் என்ன செய்ய முடியும்?

“அப்புறம் இன்னா அண்ணா? அவ்ளோ தூரம் குனிஞ்ச மனுசன் நகத்த வெட்டாமயா எழுந்துடுவாரு?” என்றாள் அஜீஸுன்னிசா.

வாட்ஸாப்பில் பிரேம்நாத்தின் சுற்றறிக்கை வந்தது: ‘நேரலை உள்ளபடியால் பயணிகள் பாதங்களை வீட்டிலேயே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு வரவும்.’ குனிய முடியாத பன்னிரண்டு பேரும் எப்படியோ கழுவிக்கொண்டு வந்தார்கள். மோசஸ் சம்பத் வாளித் தண்ணீரில் காலை விட்டு ஆட்டினார். நகவெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பித்தளைத் தாம்பாளம், ரோஜா இதழ், வெந்நீர். ஐயருக்கும் மூட்டுவலி என்பதால் நுரை மெத்தை ஒன்று அவர் கூடவே நகர்ந்து வந்தது. பதினோரு ஜோடிப் பாதங்கள் முடிந்தன. ஐயர் பன்னிரண்டாவது ஆளின் காலைத் தூக்கினார். விரலைப் பார்த்தார். ஒரு விநாடி கண்ணை மூடிக்கொண்டார்.

மோசஸ் சம்பத் குனிய முடிந்த மட்டும் குனிந்து, நகவெட்டியை நீட்டினார். “ஐயரே, இத மட்டும் கொஞ்சம்...”

“கேமரா ஓடுதுங்க” என்று ஐயர் உதடு அசையாமல் சொன்னார். “அப்புறமா பாத்துக்கலாம்.” சொன்ன வேகத்தில் மூன்று சொட்டுத் தண்ணீரை விட்டு, துண்டை விரலோடு சேர்த்து அழுத்தித் துடைத்தார்.

“ஆண்டவரே!”

அந்த அலறல் கூரையில் மோதித் திரும்பியது. மோசஸ் சம்பத்தின் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. அடுத்த கணம் பெண்கள் பக்கம் விம்மல் கிளம்பியது. பிரேம்நாத் மைக்கைப் பிடித்தார். “பாருங்க சபையே! தனிமையில வாடின ஆத்துமா! உடைஞ்சிருச்சு, பாருங்க!” பாடகர் குழு உடனே ஒரு பாட்டை எடுத்தது. அந்த வீடியோவை நாலாயிரம் பேர் பார்த்தார்கள். வாணியம்பாடியிலும் குடியாத்தத்திலும் இரண்டு சபைகள் இதே திட்டத்தைத் தொடங்கப்போவதாகச் செய்தி வந்தது. ஐயரின் ‘அப்புறம்’ மட்டும் வரவில்லை.

ஈஸ்டர் விடியலில் மோசஸ் சம்பத் கறுப்பு ஷூவை எடுத்துத் துடைத்தார். காலை நுழைத்தார். பாதியிலேயே வலியில் உயிர் போனது. ஷூவைப் பழையபடி கட்டிலடியில் காலாலேயே தள்ளிவிட்டு, ஹவாய் செருப்பில் போனார்.

ஆராதனை முடிவில் அவரை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, ‘ஆறு நிறுத்தங்களையும் கடந்து பயணத்தை இனிதே முடித்தவர்’ என்று ஃப்ரேம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். பின் வரிசையில் ஒருவர், அடக்கம் எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் விசாரித்தார்.

போட்டோவுக்கு நிற்கும்போது பிரேம்நாத்தின் பார்வை கீழே இறங்கியது. “ஈஸ்டர் அன்னிக்காவது ஒரு ஷூ போட்டுக்கினு வரக்கூடாதா பிரதர்? ஷூ கம்பெனியில இருந்தவரு நீங்க!” போட்டோக்காரரிடம் இடுப்புக்கு மேலே எடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மோசஸ் சம்பத் சான்றிதழைச் சுவரில் மாட்டினார். காலை நாற்காலியில் தூக்கி வைத்து ஸ்கேலை எடுத்தார்.

பதினோரு மில்லிமீட்டர்.