தோட்டத்துச் சேறு

நெவில் ஆக்ராய்ட் தன் வண்டிக்குச் சேறு பூசிய கதையை யார்க்‌ஷர் பக்கம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்றைக்கு அந்தப் புல்வெளியில் கடைசி நிமிடம் வரை ஒருவரும் சிரிக்கவில்லை என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

நெவில் கெட்ட மனிதர் இல்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் மேசையைத் தேய்த்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிக்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அதுவும் சாலையில் ஓடுகிற வண்டிகள் அல்ல; பாறையிலும் ஓடையிலும் சேற்றிலும் ஏறி இறங்கவென்றே அறுபதுகளில் செய்தவை. அவர் கைக்கு வந்த க்ரீவ்ஸ் கம்பெனி வண்டி, ஒரு கோழிக்கொட்டகைக்குப் பின்னால் என்ஜின் இல்லாமல் முட்செடி மூடிக் கிடந்தது. மூன்று வருடம் அதோடு குடித்தனம் நடத்தினார். இரும்புச் சட்டத்தின் துருவைச் சுரண்டினார், ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோத்துச் சக்கரத்தை நேராக்கினார். பழைய நீலத்தின் சரியான சாயல் பிடிபடாமல் தவித்து, கடைசியில் டூல்ஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் வெயில் படாத ஒரு திட்டைக் கண்டுபிடித்து, அந்த மூடியோடு பெயிண்ட் கடை கடையாக ஏறி இறங்கினார்.

"அதையும் பக்கத்துல படுக்க வெச்சுக்குங்களேன், நான் வேணா சோஃபாவுல படுத்துக்கறேன்" என்றாள் மனைவி பாலின்.

வேலை சுத்தம். அதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்று பழைய வண்டிக்காரர்களின் கிளப்பில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கிளப்புக்கு இன்னொரு குணம் உண்டு. சேற்றுக்காகப் பிறந்த வண்டி சேற்றைப் பார்க்க வேண்டும். பளபளவென்று டிரெய்லரில் வந்து, பளபளவென்று டிரெய்லரில் திரும்பும் வண்டிக்கு 'அலமாரி பொம்மை' என்று பெயர். வண்டிக்கு மட்டுமல்ல, வண்டிக்காரனுக்கும் அதுதான் பெயர்.

நெவிலுக்கு அந்தப் பெயரை வைத்தவர் வில்ஃப் சக்டன். குழாய் வேலை செய்து சம்பாதித்து, அதையெல்லாம் பழைய வண்டிகளில் கொட்டியவர். வாயைத் திறந்தால் ஊசி. நெவில் வந்து இறங்கினாலே போதும்.

"வாங்க வாங்க, ஷோகேஸ் வந்தாச்சு! டேய், எல்லாரும் தள்ளி நில்லுங்க, மூச்சுக்காத்து பட்டா வண்டி மங்கிடும்."

"என்ஜின் இன்னும் செட்டாகலப்பா" என்பார் நெவில்.

"என்ஜினா, நெவிலா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நெவிலும் சிரிப்பார். கை மட்டும் துடைத்த டாங்கையே மறுபடி துடைக்கும். ஏனென்றால் வில்ஃப் கேட்ட கேள்வி சரியானது. நெவிலுக்குப் பயம். சாலையில் பயமில்லை. முன்சக்கரம் கீழே சரிந்து, எதிரே பாறையும் வானமும் மட்டும் தெரிகிற அந்தக் கணத்தில் அவர் கை உதறும். அறுபதைத் தாண்டிய ஆள், நல்ல உயரம், குரல் வேறு கனத்த குரல். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இதில் டோரீன் மெட்காஃப் வந்து சேர்ந்ததுதான் வினை. டோரீனின் கணவர் எரிக், கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். டோரீனும் லேசுப்பட்டவர் இல்லை; இளமையில் அந்த மலைகளில் ஆண்களோடு போட்டி போட்டு வண்டி ஓட்டிக் கோப்பை வாங்கியவர். எரிக் இறந்தபின் அவருடைய க்ரீவ்ஸின் சட்டம் விரிசல் விட்டு வீணாகிப்போனது. என்ஜின் மட்டும் நன்றாக இருந்தது. அதை எத்தனையோ பேர் கேட்டார்கள். டோரீன் நெவிலுக்குக் கொடுத்தார்.

"காசெல்லாம் வேண்டாம் தம்பி. எரிக்கோட சாம்பலை ரேவன் மேட்டு உச்சியில தூவியிருக்கேன். இந்த என்ஜின் ஒரு தடவையாவது அங்க போகணும். அவ்வளவுதான். ஷோகேஸ்ல வெச்சுடாதே."

"கண்டிப்பா டோரீன். சத்தியமா."

கொடுத்த வாக்கு, வண்டி தயாரான பின்னும் மூன்று வருடம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. கிளப்பின் ஆண்டுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. ரேவன் மேட்டின் அடிவாரத்திலேயே, ஒரு பண்ணையின் புல்வெளியில். இனியும் தள்ள முடியாது என்று வியாழக்கிழமை நெவில் வண்டியை ஏற்றிக்கொண்டு தனியாக அங்கே போனார். நாயோடு நடக்க வந்த ஒரு வயதான தம்பதி அவருக்காக மரக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்ஜின் ஒரே உதையில் பிடித்தது. கதவைத் தாண்டினால் ஓர் இறக்கம், சின்ன ஓடை, அப்புறம் ஏற்றம். இறக்கத்தின் விளிம்பு வரை போனார். கை உதற ஆரம்பித்தது. பின்னால் அந்த அம்மாள் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு புன்னகையோடு நின்றிருந்தார்.

"பிளக் போயிடுச்சு போல" என்றார் நெவில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த என்ஜினை அணைத்துவிட்டு.

அந்தப் பெரியவர் வண்டியை டிரெய்லரில் ஏற்ற ஒரு கை கொடுத்தார். நாய் கூடத் தன்னைப் பார்த்து வெட்கப்படுவதாக நெவிலுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தார். பாலின் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தாள். அவளுடைய ரோஜாப் பாத்தியில் இரண்டு கரண்டி மண் எடுத்து, அவள் கேக் மாவு கலக்கும் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கரைத்து, மாவுக்கு வெண்ணெய் தடவும் பிரஷ்ஷால் வண்டி மேல் விசிறினார். ஆளின் சுபாவம் போகுமா? அதையும் அழகாகச் செய்தார். மட்கார்டின் அடியில் கனமாக, டாங்கில் லேசாக, என்ஜின் சிலிண்டரின் விளிம்புகளுக்கு நடுவே குச்சியால் திணித்து. நடுவில் ஒரு தரம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று நினைத்தார். அப்படி நினைத்ததுதான் பின்னால் அவரை ரொம்பவும் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரிலிருந்து வண்டி இறங்கியதும் புல்வெளியில் ஒரே கூச்சல்.

"அடப்பாவி! ஷோகேஸ் உடைஞ்சிடுச்சுடா!" வில்ஃப் கையிலிருந்த பேக்கன் பன்னை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து நெவிலைக் கட்டிக்கொண்டார். "எப்படா போனே? சொல்லவே இல்லியே!"

"வியாழக்கிழமை. சும்மா... உச்சி வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"தனியாவா? ஆளு மாறிட்டான்யா!"

யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். யாரோ முதுகில் தட்டினார்கள். மூன்று வருடமாக நெவில் ஏங்கியது இதற்குத்தான். இப்போது அது கையில் கிடைத்ததும், டீயைக் குடிக்காமல் டிரெய்லர் மேல் வைத்தார்.

வில்ஃப் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்தார். பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். புது டயரில் மெல்லிய ரப்பர் முடிகள் இருக்குமே, அவை அப்படியே நின்றிருந்தன. பாறையில் ஒரு மைல் உருண்டாலும் உதிர்ந்துபோகிறவை. சேற்றுக்கு நடுவே சின்னச் சின்னதாக, நேராக. வில்ஃப் ஒரு முடியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தலை நிமிர்ந்து நெவிலைப் பார்த்தார்.

நெவில் காத்திருந்தார். இதோ வரப்போகிறது, ஊர் முழுக்கச் சிரிக்கப் போகிறது என்று காத்திருந்தார்.

வில்ஃப் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, "நல்ல வண்டி" என்றார். அவ்வளவுதான். போய்ப் பன்னை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு ஒரு கேலி இல்லை, ஒரு குத்தல் இல்லை. நெவிலிடம் முன்பின் தெரியாத ஆளிடம் போல மரியாதையாக, "சர்க்கரை வேணுங்களா?" என்று கேட்டார். செருப்பால் அடித்திருந்தால் கூடத் தேவலை.

அந்த வருடம் எரிக்கின் பெயரால் ஒரு பரிசு வைத்திருந்தார்கள். பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றை மரப்பலகையில் பதித்தது. நன்றாகப் புதுப்பித்து, நன்றாக ஓட்டவும் செய்த வண்டிக்கு. யாருக்கு என்று கேட்கவா வேண்டும்? நெவிலின் பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள். வில்ஃபும் தட்டினார், பல்லைக் கடித்துக்கொண்டு.

பரிசு கொடுக்க வந்த டோரீன் பலகையைக் கொடுக்கவில்லை. அதை மேசையிலேயே வைத்துவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு வண்டியிடம் வந்தார். எரிக்கின் என்ஜின் முன்னால் மெல்லக் குனிந்தார். கைப்பையிலிருந்து இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்து விரித்தார். நகத்தால் சிலிண்டரின் விளிம்புகளுக்கு இடையே இருந்த சேற்றைச் சுரண்டிச் சுரண்டி அதில் சேர்த்தார். கண்ணாடி அவர் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது; இப்போதெல்லாம் அவருக்குக் கிட்டத்தில் நிறம் கூடச் சரியாகத் தெரிவதில்லை.

"முட்டி போனதுல இருந்து என்னால தனியா மேல ஏற முடியல" என்றார், யாரிடம் என்றில்லாமல். "இத வீட்டுல அவரு போட்டோ கிட்ட வெச்சுக்கறேன். அவரு இருக்கற மண்ணு."

கைக்குட்டையின் நடுவில், அந்த மண்ணுக்குள், வெள்ளையாக ஒரு முட்டை ஓட்டுத் துண்டு தெரிந்தது. பாலின் ரோஜாவுக்கு உரமாகப் போட்டது. டோரீன் அதைக் கவனிக்கவில்லை. நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

"டோரீன், வேண்டாம்" என்றார் நெவில்.

"என்ன தம்பி?"

"அது எங்க வீட்டுத் தோட்டத்து மண்ணு."

டோரீனுக்குப் புரியவில்லை. புல்வெளியில் கைதட்டல் ஓய்ந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. நெவில் தலையைக் குனிந்துகொண்டே மிச்சத்தையும் சொன்னார். மரக்கதவு, இறக்கம், கை உதறியது, பாலினின் கிண்ணம். பிரஷ்ஷைக் கூட விடவில்லை. சொல்லச் சொல்லக் காது மடல் எரிந்தது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது. ஆனால் யார்க்‌ஷர் பூமி அப்படியெல்லாம் யாருக்கும் உதவி செய்வதில்லை.

டோரீன் முடிச்சைப் பிரித்துப் பார்த்தார். முட்டை ஓட்டை விரலால் தொட்டார். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது, வாழ்நாளில் செய்ததிலேயே கேவலமான காரியம் இதுதான் என்று நெவிலுக்குத் தெரிந்தது. டோரீன் கைக்குட்டையை உதறினார். மண் நெவிலின் பூட்ஸ் மேல் விழுந்தது.

"இந்த என்ஜின் மேல போகணும்னு சொன்னேன்" என்றார் டோரீன். "ஓட்டிக்கிட்டுத்தான் போகணும்னு சொன்னேனா?"

"இல்ல."

"அப்ப தள்ளு."

"இப்பவா?"

"பின்ன எப்ப? என் கைய ஒருத்தர் பிடிச்சுக்குங்க. நானும் வரேன்."

பண்ணைக்காரர் ஒரு பக்கம் தாங்க, டோரீன் நடந்தார். நெவில் தள்ளினார். மொத்தக் கிளப்பும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஓடையில் வண்டி சிக்கியது; யாரும் உதவிக்கு வரவில்லை, டோரீன் வேண்டாம் என்று கை காட்டியிருந்தார். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. பூட்ஸ் வழுக்கி முழங்கால் மண்ணில் பட்டது. நின்று நின்று ஏறினார்கள். பாதி வழியில் டோரீன்தான் பேசினார்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா, அடிவாரத்துல நின்னு நானே சொல்லிக் குடுத்திருப்பேனே."

"வெட்கமா இருந்துச்சு டோரீன்."

"சேறு பூச வெட்கமா இல்லையா?"

நெவில் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

உச்சியில் காற்று காதை அறைந்தது. அங்கே மண் கரி போல் கறுப்பு. மஞ்சள் சேறு பூசிய தன் வண்டியை அந்தக் கறுப்பில் நிறுத்திப் பார்த்தபோதுதான், யாரை ஏமாற்ற நினைத்தோம் என்று நெவிலுக்கு உறைத்தது. டோரீன் ஒரு கைப்பிடி கறுப்பு மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். நெவில் தள்ளியே நின்றார். பக்கத்தில் போக அவருக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.

"ஸ்டார்ட் பண்ணு. சத்தத்தைக் கேக்கணும்."

உதைத்தார். பிடித்தது. டோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போ. இறங்கறதுக்குத் தள்ள முடியாது. முதல் கியர்லயே வெச்சுக்க, பிரேக்கைத் தொடாதே. கால் ஊனணும்னா ஊனிக்க."

நெவில் இறங்கினார். அதை ஓட்டியது என்று சொல்ல முடியாது. இரண்டு காலையும் தரையில் இழுத்துக்கொண்டு, நடைவண்டி பழகுகிற குழந்தை மாதிரி, பற்கள் கிட்டித்துக்கொள்ள வந்தார். கிளப்பின் மேடேறும் போட்டியில் கால் ஊன்ற ஊன்றப் புள்ளி ஏறும். குறைவாக வாங்கியவனே ஜெயித்தவன். விழுந்தால் நேராக ஐந்து, அதற்கு மேல் கிடையாது. நெவில் ஓடை வரைக்கும் வந்து, எல்லோர் முன்னிலையிலும், அதற்குள் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். என்ஜின் நின்றது.

நெவில் எழுந்து நின்றார். தலையிலிருந்து சேறு கறுப்பாக வழிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, சேற்றில் அது தெரியாது.

"அஞ்சு!" என்று கத்தினார் வில்ஃப்.

நெவில் நிமிர்ந்து பார்த்தார்.

"கணக்குப் பார்த்தா ஐம்பது வரும்டா நெவிலு! ரூல்ல இடமில்லன்னு அஞ்சோட விட்டேன்!"

யாரோ ஒருவர் சிரித்தார். வில்ஃப் ஓடைக்குள் இறங்கி வந்து, வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டயரில் மிச்சமிருந்த ஒரு ரப்பர் முடியை விரலால் நிமிண்டினார்.

"பாதிதான் உதிர்ந்திருக்கு" என்றார், நெவிலுக்கு மட்டும் கேட்கும்படி. "அடுத்த ஞாயித்துக்கிழமை வா. மீதியையும் உதிர்த்துடலாம்."