விரால் போட்ட தாழ்ப்பாள்

கரிக்கலாம்பாக்கத்தில் சாமிக்கண்ணு வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பாத்ரூம் கதவு சாமிக்கண்ணு என்று கேட்டால் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். நெல் வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடான பிறகு, அந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் குளிப்பது அவர் மாட்டிய பிவிசி கதவுக்குப் பின்னால்தான். இருபது வருஷத் தொழில். மூளையைக் கேட்காமலேயே கை வேலையை முடித்துவிடும்.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு விரால் மீன் ஆட்டி வைத்தது.

போன மாசம் பாகூரில் குழம்புக்கென்று உயிரோடு வாங்கி வந்த விரால் அது. அரிவாள்மனைக்கு முன்னால் போட்டதும் வாயைத் திறந்து மூடிக்கொண்டு அவரையே பார்த்தது. ஏதோ கேட்க வந்து, கூச்சப்பட்டு நிறுத்திக்கொண்டது போல அவருக்குப் பட்டது. மகள் சுகன்யா கல்யாணமாகி அரியாங்குப்பம் போனபோது விட்டுவிட்டுப் போன மீன்தொட்டி கூடத்தில் இருந்தது. அதில் கொண்டுபோய் விட்டார். தொட்டியில் ஏற்கெனவே குடியிருந்த மூன்று தங்கமீன்களையும் சாயங்காலத்துக்குள் சாப்பிட்டு முடித்து, அது தனிக்குடித்தனம் தொடங்கியது. ஒரு வேலையும் செய்யாமல் ஒரே இடத்தில் நின்று எல்லோரையும் முறைத்ததால் அதற்கு ஆபீசர் என்று பெயர் வைத்தார்.

மனைவி தனக்கொடி ஆபீசரின் முறைப்பைப் பொறுத்துக்கொண்டாள். குதிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. முதல் தடவை செருப்புக் குவியலில் விழுந்தது. இரண்டாம் தடவை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் புகுந்துகொண்டது. புருஷனும் பெண்சாதியும் துடைப்பத்தோடு அரைமணி நேரம் குப்புறக் கிடந்தார்கள். மூன்றாம் தடவை, அரைத்து வைத்திருந்த இட்லி மாவுக் குண்டானில் நேராக இறங்கியது. இறங்கியதோடு நில்லாமல் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி மாவைக் கலக்கியும் விட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மணிபாரதி விருந்துக்கு வருவதாக இருந்தான். அவனுக்கு விரால் குழம்பு என்றால் உயிர். தனக்கொடி மாவுக் கையோடு தீர்ப்பைச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள தொட்டிக்கு மூடி போட்டுடு. அது வெளிய வரக்கூடாது. உள்ள லைட்டு எரியணும். நீ வேலைக்குப் போயிட்டா தீனி போடறது நானு, அதனால ஒத்தக் கையால தொறக்கணும். இதுல ஒண்ணு கொறைஞ்சாலும் உன் ஆபீசரு கொழம்புக்குத்தான்யா."

சாமிக்கண்ணு பயந்துபோனார். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது திரும்பிப் பார்க்கிற ஒரே ஜீவன் அந்த விரால்தான். தனக்கொடிகூட டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சாப்பாடு எங்கே இருக்கிறது என்று சொல்வாள்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டார். கரையாம்புத்தூரில் ஒரு வீட்டுக்கு மாட்டியது போக மிஞ்சிய கதவுத் துண்டு ஒன்று கிடந்தது. அதில் டால்பின் படம் போட்டிருந்தது, வால் பக்கம் மட்டும். தொட்டியை அளந்து, பலகையை அறுத்து, நான்கு பக்கமும் சட்டம் கட்டி, சிலிக்கான் பசையால் கண்ணாடி விளிம்போடு சேர்த்து ஒட்டினார். விரால் மேலே வந்து காற்றுக் குடிக்கிற மீன் என்பதால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இடம் விட்டு, பின்பக்கம் ஒரு வெண்டிலேட்டரும் வைத்தார். உள்கூரையில் எல்ஈடி பட்டையை ஒட்டி, ஈரம் புகாதபடி பசை பூசினார். முன்பக்கம் சாய்வாக ஒரு குட்டிக் கதவு, மேலே கீல், வெளியே கைப்பிடி, எல்லாம் ரிவெட் அடித்து. சனிக்கிழமை மதியம் கதவைச் சாத்தியபோது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால்தான் வேலை முடிந்தது என்று அவருக்கு நிம்மதி வரும். பசை காயட்டும் என்று விட்டுவிட்டார்.

பார்ப்பதற்கு மீன்தொட்டியின் தலையில் ஒரு பாத்ரூம் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மகளும் மாப்பிள்ளையும் பார்த்திருக்க, தனக்கொடி பரீட்சை வைத்தாள். சுவிட்சைப் போட்டதும் ஆபீசர் கல்யாண மண்டபத்து மேடையில் நிற்பதுபோல் ஜொலித்தது. வெளிச்சத்தில் மிரண்டு துள்ளி, மூடியில் 'தொம்' என்று முட்டி, திரும்பத் தண்ணீரில் விழுந்தது. இரண்டு பாஸ். மூன்றாவதாகக் கைப்பிடியை ஒரு கையால் இழுத்தாள். கதவு அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். மாப்பிள்ளை வந்து இழுத்தான். தொட்டிதான் ஆடியது.

சாமிக்கண்ணு குனிந்து, கண்ணாடி வழியாக அண்ணாந்து பார்த்தார். இருபது வருஷமாக எல்லாக் கதவுக்கும் வைக்கிற மாதிரியே இதற்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்திருந்தார். கதவு சாய்வாக நின்றதால், சாத்தியதும் கம்பி தானாக இறங்கி ஓட்டைக்குள் உட்கார்ந்துவிட்டது.

"உள்ள தாப்பா போட்டுருக்குது" என்றார் மெதுவாக.

"யாரு மாமா போட்டது?" என்றான் மாப்பிள்ளை.

தனக்கொடி மூன்றாவது பாயிண்டில் ஃபெயில் என்றாள். புளி கரைத்தாயிற்று, மசாலா அரைத்தாயிற்று, ரிவெட்டைக் கழற்றி மீனை வெளியே எடு என்றாள். நான்கு ரிவெட்டுக்கு ட்ரில் மிஷின் இரண்டு நிமிஷ வேலை. சாமிக்கண்ணு மிஷினைக் கரையாம்புத்தூரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டதாகக் கூசாமல் பொய் சொன்னார். மிஷின் உள்ளறையில் கட்டிலுக்கடியில் இருந்தது. அதன் வயர் வெளியே நீட்டிக்கொண்டும் இருந்தது.

நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தனக்கொடி தோசைக்கரண்டியோடு தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். கரண்டியைக் கதவிடுக்கில் செருகுவதற்கு முன்னால் அவள் விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டினாள். ஏன் தட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வீட்டில் இருப்பது ஒரே பாத்ரூம்; அந்தக் கதவு மூடியிருந்தால் யார் கையும் தானாகத் தட்டும்.

உள்ளேயிருந்து 'தொம்' என்று பதில் வந்தது.

"செரி செரி, மெதுவா வா, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுத் தனக்கொடி திரும்பி நடந்தாள்.

நான்கு எட்டு வைத்த பிறகுதான் நின்றாள். சுகன்யா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மரியாதைக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் மட்டும் குலுங்கியது. தனக்கொடி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று என்று சாமிக்கண்ணுவுக்குத் தோன்றியது.

"தட்டுனா பதில் சொல்றத எப்பிடிய்யா கொழம்புல போடறது?" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

கரைத்த புளி கத்திரிக்காய்க்குப் போனது. மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். இலை எடுத்த கையோடு தனக்கொடி புருஷனிடம் வந்து, கட்டிலுக்கடியில் இருக்கிற கரையாம்புத்தூரிலிருந்து மிஷினை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள், மீனுக்கும் பசிக்குமாம்.

சாமிக்கண்ணு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் எடுத்துவந்தார். தொட்டிக்கு முன்னால் முட்டி போட்டு, முதல் ரிவெட்டின் மேல் ட்ரில்லை வைத்தார்.

"யோவ்" என்றாள் தனக்கொடி பின்னாலிருந்து. "தட்டிட்டுத் தொற."