மூன்றாம் வானத்து வாசல்

தம்பியின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த சவரியப்பன், கோயில் உபதேசியார் உள்ளே வந்ததைக் கண்டும் எழுந்திருக்கவில்லை. முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சாமியாரு கேட்டுட்டு வரச் சொன்னாருண்ணே," உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். "உங்க தம்பி தைரியநாதன் கோயமுத்தூர்ல அந்த அமெரிக்கக்காரன் மார்மன் சபையில முழுக்கு ஞானஸ்நானம் வாங்கிட்டாராமே? மெய்யின்னா கல்லறை மதிலுக்கு வெளியதான் பொதைக்கணுமாம்."

"எவன் சொன்னது?"

"அவரு எழுதுற தொடர்கதையே சொல்லுதே. மலைக்குள்ள பொதைச்ச பொன் தகடு, மூணு அடுக்கு வானம்... எல்லாம் அந்தச் சபைக்காரங்க சரக்குதான?"

"மாயாஜாலக் கதை எழுதுறவன் பின்ன ரேஷன் கடையப் பத்தியா எழுதுவான்? எங்கப்பா பக்கத்துல அவனுக்கு எடம் கெடக்கு. நாலு தலைமுறையா எங்க வீட்டுல யாரும் மதிலுக்கு வெளிய போனதில்ல. அப்படி ஒண்ணும் இல்லன்னு எழுதித் தாரேன்."

தைரியநாதனின் தலைமாட்டில் இருந்த சவரியப்பனின் மனைவி செபாஸ்தியம்மாள் கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, பத்து மணிக்கு வாரேன்," என்று உபதேசியார் போனார்.

மெய்தான். முழுக்குச் சீட்டை விடியற்காலையிலேயே தம்பியின் டிரங்குப் பெட்டியில் சவரியப்பன் பார்த்துவிட்டார். உபதேசியார் போனதும் பெட்டியில் இருந்த காகிதங்களை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். அங்கே துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பித்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. சீட்டை அடுப்பில் போட்டார். அடுத்து, அச்சுக்குப் போகாத கடைசி அத்தியாயம். அதில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. கை நின்றது.

மூன்றாம் வானத்து வாசலில் ஒரு பூதம். முழுக்கில்லாமல் செத்தவர்களை உள்ளே விடாது. உயிரோடிருக்கும் ஒருவன் அவர்கள் பெயரைச் சொல்லி ஆற்றில் முங்க வேண்டும். கதாநாயகன் ஒவ்வொருவருக்காக முங்குகிறான். கடைசியாக ஒரு பச்சைக்குழந்தை, பெயர் அமலி. பூதம் சிரிக்கிறது: 'கைப்பிள்ளைக்கு எதற்கடா முழுக்கு? அது பாட்டுக்கு உள்ளே போகட்டும்.'

அமலி சவரியப்பனின் மகள். அறுபத்து மூன்றாம் வருஷம் பிறந்து மூன்றாம் நாள் போனவள். வீட்டிலேயே யாராவது அவசரத்துக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். சாமியார் வரட்டும், எதையும் முறையாகச் செய்வோம் என்று தடுத்தவர் அவர்தான். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்று மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். அதன்பிறகு அந்தப் பெயர் வீட்டில் புழங்கவில்லை.

"என்ன காயிதங்க அது?" செபாஸ்தியம்மாள் பின்னால் நின்றாள்.

அந்தப் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பத்து மணிக்கு உபதேசியார் வந்தார்.

"முழுக்கு வாங்குனது மெய்தான். சீட்டை நானே பார்த்தேன்," என்றார் சவரியப்பன்.

"அண்ணே, செத்த யோசிங்க. ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். குழி வெட்டுறவனை வரச் சொல்லுங்க."

கல்லறை மதிலுக்கு வெளியே உடைமுள் மண்டிக் கிடந்தது. எந்த இடம் என்று குழிவெட்டும் கண்ணுசாமி கேட்டான். சவரியப்பன் எங்கும் தேடாமல் முள்ளுக்குள் நடந்துபோய் ஓரிடத்தில் நின்றார். செருப்பைக் கழற்றினார்.

"இதுக்கு எடப்பக்கம். மம்பட்டிய மெதுவாப் போடு, அப்பு."