குறுக்கே போனவன்

ஆம்புலன்ஸ் நின்றதும் அதன் பின்கதவை நோக்கி இரண்டு பக்கமிருந்தும் கைகள் நீண்டன. ஒரு பக்கம் சண்முகராஜின் ஆட்கள். மறுபக்கம் சின்னக்கருப்பின் தம்பிகள். ஒரே கைப்பிடியை இரண்டு பேர் பற்றிக்கொண்டு, திறக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருமுனையில் இருந்த போலீஸ்காரர்கள் வேகமாக நடந்து வந்தார்கள்.

உள்ளே தன் கணவனின் காலடியில் உட்கார்ந்திருந்த நாகஜோதி அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். க.விலக்கு பெரியாஸ்பத்திரியிலிருந்து வழிநெடுக அவன் கால்களைப் பிடித்தபடியே வந்திருந்தாள். சுரேஷ்கண்ணனைத் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத்துணியில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. அவள் எழுந்து கண்ணாடியைக் கையால் தட்டினாள்.

"கதவ விடுங்க. ரெண்டு வீட்டு ஆளும் அவுகளத் தொடக்கூடாது. வேன் ஸ்டாண்டுக்காரக வந்து எறக்கட்டும்."

கைகள் விலகின. சுரேஷ்கண்ணனோடு வேன் ஓட்டிய டிரைவர்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவனை இறக்கினார்கள்.

அந்த ஊரில் அந்த இரண்டு வீடுகளும் ஒருகாலத்தில் சம்பந்தி வீடுகள். சண்முகராஜின் அக்காவைச் சின்னக்கருப்பின் அண்ணனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே அவள் மாந்தோப்புக் கிணற்றில் மிதந்தாள். கால் தவறி விழுந்துவிட்டாள் என்றது ஒரு வீடு. தள்ளிவிட்டார்கள் என்றது மற்ற வீடு. அந்த அண்ணனைத் திருவிழாக் கூட்டத்தில் வைத்து வெட்டிப் போட்டார்கள். அதற்குப் பதிலாகச் சண்முகராஜின் பங்காளி ஒருவனுக்கு வலது கை போனது. பஸ் ஸ்டாப்பில் எதிரெதிராக இரண்டு டீக்கடைகள் உண்டு. ஒரு வீட்டு ஆட்கள் உட்காரும் கடையில் மற்ற வீட்டு ஆட்கள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். சுரேஷ்கண்ணன் இரண்டிலும் டீ குடிப்பான். இரண்டு வீட்டுத் தோப்பு மாங்காயும் அவனுடைய குட்டியானை வண்டியில்தான் பெரியகுளம் மண்டிக்குப் போகும்.

சண்முகராஜின் மகன் மதன்குமார் அவனுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. அந்த மதன்தான் சின்னக்கருப்பின் மகள் சினேகாவை விரும்பினான். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு சின்ன முருகன் கோயிலில் வைத்து அவர்களுக்குத் தாலிகட்டு நடந்தது. கூட நின்றவன் சுரேஷ்கண்ணன் ஒருவன்தான். முடிந்த கையோடு மதனை ஒன்றும் நடக்காததுபோல அவன் வீட்டுக்குப் போய் இருக்கச் சொல்லிவிட்டு, பெண்ணைத் தன் வண்டியில் ஏற்றி, பொழுது சாயும் நேரத்தில் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான். தேடுகிறவர்கள் அன்றிரவு பஸ் ஸ்டாண்டு, ரயில் என்று தேடுவார்கள், இதே ஊரில் இருப்பாளென்று எவனுக்கும் தோன்றாது, மறுநாள் திருப்பூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு இருவரையும் அனுப்பிவிடலாம் என்பது அவன் கணக்கு.

நாகஜோதி அவனைத் திட்டினாள். ஊரான் வீட்டு வெட்டுக்குத்தில் உனக்கென்ன வேலை என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, கல்யாணம் ஆகிவிட்டால் மறுபடியும் சம்பந்தி ஆகிவிடுவார்கள், அப்புறம் யாரை யார் வெட்டுவது என்றான். அவள் முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பெண்ணுக்கு மாற்றுப்புடவை எடுத்துக் கொடுத்தாள், இட்லி வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் சினேகாவின் அண்ணன் சூரியபிரகாஷ் டீக்கடையில் வைத்துச் சுரேஷ்கண்ணனின் சட்டையைப் பிடித்தான். தங்கச்சி எங்கே என்று கேட்டான். தெரியாது என்றான் சுரேஷ்கண்ணன். எத்தனை தடவை கேட்டும் அதே பதில்தான். சேதி கேட்டு மதன் பைக்கில் அரிவாளோடு வந்து இறங்கினான். சூரியபிரகாஷும் எடுத்தான். இரண்டு பேருக்கும் நடுவே சுரேஷ்கண்ணன் கைகளை விரித்துக்கொண்டு போனான். சூரியபிரகாஷ் மதனுக்கு ஓங்கியது சுரேஷ்கண்ணனுடைய விலாவில் இறங்கியது.

டீக்கடையில் நடந்ததை நாகஜோதி நேற்றே ஆஸ்பத்திரி வாசலில் வைத்து இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டாள். வெட்டியவன் சூரியபிரகாஷ், மதன் கையிலும் அரிவாள் இருந்தது, வேறு யாரும் கிடையாது என்றாள். பெண் எங்கே என்று அவர் கேட்டபோது மட்டும் தெரியாது என்றாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

சினேகா அப்போது நாகஜோதியின் அடுப்படியில்தான் இருந்தாள். பக்கத்து வீட்டுப் பவுனு அந்த வீட்டை வெளியே பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். காலையில் உறவுக்காரப் பெண்கள் வந்து கதவைத் திறந்தபோது விளக்குப் போடாத அடுப்படி மூலையில் அவளைக் கண்டார்கள். ஒருவரும் வெளியே சொல்லவில்லை. ஒருத்தி காபி போட்டுக் கொடுத்தாள்.

சுரேஷ்கண்ணனை முன்னறையில் பெஞ்சில் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழத் தொடங்கினார்கள். நாகஜோதிக்கு அழுகை வரவில்லை. அவனுடைய தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியகுளத்தில் அக்கா வீட்டில் விட்டிருக்கும் பிள்ளையை இன்னும் கூட்டிவரவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

சண்முகராஜ் பெரிய மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் குனிந்து, தன் மகனுக்காக உயிரைக் கொடுத்தவன் தன் வீட்டுப் பிள்ளைதான் என்றும், தன் வீட்டு ஆட்கள்தான் தோள் கொடுத்துத் தூக்குவார்கள் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். போலீஸில் சூரியபிரகாஷ் பெயரை மட்டும் சொன்னால் போதாது, சின்னக்கருப்பும் அவன் தம்பிகளும் ஏவிவிட்டதாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசியில் சுரேஷ்கண்ணன் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் செத்தான் என்று அவள் சொன்னால் மறுக்க ஆளில்லை என்றார்.

நாகஜோதி நிமிர்ந்து பார்த்தாள்.

"மதன் எங்கன மாமா?"

அவர் வாசலைப் பார்த்தார்.

"கூட்டாளி செத்துக் கெடக்காக. மாலை போட வரலையா?"

சண்முகராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் பவுனு வந்து அவள் காதருகே குனிந்தாள். சின்னக்கருப்பின் தம்பிகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே போய்ப் பார்க்கப் போகிறார்கள், கொல்லைப்புறத்திலும் ஆள் நிறுத்தியிருக்கிறார்கள் என்றாள்.

நாகஜோதி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

சினேகா அரிசி டிரம்முக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாகஜோதியின் பழைய ஊதாப் புடவைதான் அவள் உடம்பில் இருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அக்கா, நான் ஒரு தடவ சுரேஷண்ணன் மொகத்தப் பாத்துக்கிறேன்க்கா."

"யாருக்கு யாரு அண்ணன்?"

சினேகாவின் உதடு கோணியது. கையில் போனை வைத்திருந்தாள். நேற்றிலிருந்து மதன் போன் அணைத்தே இருக்கிறது என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். எங்கே இருக்கிறான் என்று தெரியுமா என்று கேட்டாள்.

நாகஜோதிக்கு நேற்றிலிருந்து நெஞ்சில் நின்ற ஒன்று இப்போது வாய்க்கு வந்தது.

"கடேசியா என்ன சொன்னாக, என்ன சொன்னாகன்னு ஊரே எங்கிட்டக் கேக்குது. ஒருத்தருகிட்டயும் சொல்லல. ஒங்கிட்டச் சொல்றேன், கேட்டுக்க. ஆம்புலன்ஸ்ல போறோம். ரத்தம் நிக்கல. என் கையப் புடிச்சுக்கிட்டு, மதன் ஓடிட்டானான்னு கேட்டாக. ஓடிட்டான்னு சொன்னேன். நல்லதுன்னாக. அம்புட்டுத்தான். கண்ண மூடிட்டாக."

சினேகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னையக் கேக்கல. பிள்ளையக் கேக்கல. ஓடிப்போனவன நல்லதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாக." நாகஜோதியின் குரல் உடைந்தது. உடனே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வா."

"எங்கக்கா?"

"வெளிய. ஒங்க சித்தப்பன்மாரு உள்ள வாராக."

அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்து அவிழ்த்துவிட்டாள். ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு முன்னறைக்கு நடந்தாள். ஆண்கள் அடுப்படியைப் பார்ப்பார்கள், கொல்லையைப் பார்ப்பார்கள். செத்தவனைச் சுற்றி அழும் பெண்களுக்கு நடுவே எந்த ஆணும் கை வைக்க மாட்டான். இது பெண்களுக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் அழுகையை நிறுத்தாமலே நகர்ந்து தலைமாட்டில் இடம் விட்டார்கள். இருவரும் உட்கார்ந்ததும் இடைவெளி மூடிக்கொண்டது. பவுனு தன் பருத்த உடம்பை வாசல் பக்கம் திருப்பி உட்கார்ந்து ஒப்பாரியை உரத்த குரலில் எடுத்தாள்.

சினேகா அப்போதுதான் சுரேஷ்கண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. நாகஜோதி அவள் தலையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்தினாள். தானும் அவள் மேலேயே கவிழ்ந்துகொண்டாள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பெண்கள் கட்டிக்கொண்டு அழுவதுபோல இருந்திருக்கும். மடியில் அந்தப் பெண்ணின் உடம்பு குலுங்கியது. நாகஜோதிக்கு அந்தத் தலையைத் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது. கை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்தது.

தம்பிகள் இருவரும் அவர்களைக் கடந்து அடுப்படிக்குள் போனார்கள். பாத்திரம் ஒன்று உருண்டது. கொல்லைக் கதவு திறந்து மூடியது. திரும்பி வந்தார்கள். ஒருவன் பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கணம் நின்றான். பவுனு அவனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே மாரில் அடித்துக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினான்.

பிறகு சின்னக்கருப்பு வந்தார். அவர் வருவாரென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் மகன்தான் வெட்டியவன். விடியற்காலையில் மகனைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் சின்னதாக ஒரு சம்பங்கி மாலை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அழுகை தேய்ந்து நின்றது.

நாகஜோதி கவிழ்ந்தபடியே இருந்தாள். அவளுக்கு அவருடைய வேட்டியின் கரையும் வெடித்த பாதங்களும் தெரிந்தன. அதற்கு ஒரு முழம் தள்ளி, புடவைக்கு வெளியே சினேகாவின் இடது கால் நீண்டிருந்தது. புது மெட்டி போட்ட கால். அதன் சுண்டுவிரல் வளைந்து, நகமில்லாமல் இருந்தது. சின்ன வயதில் தோப்பு மோட்டார் ரூம் கதவில் அவள் கால் நசுங்கியதையும், சின்னக்கருப்பு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியகுளம்வரை ஓடியதையும் ஊரே அறியும். நாகஜோதி மெல்லக் கையை நீட்டிப் புடவையை இழுத்து அந்தக் காலை மூடினாள்.

அவர் பாதங்கள் அசையவில்லை. கையில் சரிந்த மாலையின் பூ ஒன்று தரையில் விழுந்தது. அவர் மூச்சு விடுவது கேட்டது. அவர் குனிந்து மாலையைச் சுரேஷ்கண்ணனின் நெஞ்சில் வைத்தார். கும்பிட்டார். அந்தக் கைகள் கீழே இறங்க வெகுநேரம் ஆனது. பிறகு திரும்பி நடந்தார்.

வாசலில் தம்பிகள் ஏதோ கேட்டார்கள். அவர் பதில் எல்லாருக்கும் கேட்டது.

"இங்கன இல்லப்பா. வண்டிய எடுங்க."

மடியிலிருந்து சினேகா தலையைத் தூக்கவில்லை. "அப்பா பாத்துட்டாருக்கா" என்றாள்.

வெயில் தாழ்ந்ததும் எடுத்தார்கள். திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்த அண்ணன் கொள்ளிச்சட்டியோடு முன்னே நடந்தார். வேன் ஸ்டாண்டுக்காரர்கள் தோள் கொடுத்தார்கள். சண்முகராஜின் ஆட்கள் பின்னால் வந்தார்களே தவிரப் பக்கத்தில் வரவில்லை. தெருமுனைவரை நாகஜோதி போனாள். அதற்குமேல் பெண்கள் போவதில்லை. கொட்டுச் சத்தம் தோப்புகளுக்குள் போய் மறையும்வரை நின்றாள். திரும்பும்போது பவுனு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மகளிர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாயிற்று, இருட்டுவதற்குள் வந்துவிடுவார்கள், அந்தப் பெண் சண்முகராஜ் வீட்டுக்கும் போகமாட்டேன், தன் வீட்டுக்கும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டது என்றாள். நாகஜோதி கேட்டுக்கொண்டே நடந்தாள். பாதியில் விட்டுவந்த காலேஜ் படிப்பை முடிக்க வேண்டுமாம் என்றும் பவுனு சொன்னாள்.

நாகஜோதி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு வீட்டுக்குள் வந்தாள். முன்னறையில் பெஞ்சை வெளியே எடுத்திருந்தார்கள். தரையெங்கும் மிதிபட்ட பூ. சினேகா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடத்துத் தண்ணீரைச் சாய்த்து, விளக்குமாற்றால் மூலையிலிருந்து தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

"வை அத" என்றாள் நாகஜோதி.

சினேகா வைக்கவில்லை. குனிந்த தலையோடு அப்படியே நின்றாள். விளக்குமாற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது.

நாகஜோதி சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே பெண்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தார்கள். விளக்குமாறு மறுபடி தரையில் தேய்ந்தது. மெல்ல, பிறகு சீராக. பூவையும் மண்ணையும் சேர்த்துக்கொண்டு தண்ணீர் நாற்காலிப் பக்கம் வந்தது.

நாகஜோதி இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டாள். தண்ணீர் அடியில் ஓடி வாசலுக்குப் போனது.