கழுத்தில் புடைத்தது

...மறுபடியும் திறந்துகொண்டது, சனியன், உள்ளே யாரும் இல்லை, வெளியே யாரும் இல்லை, லிப்ட் கதவு பாதி மூடி மனசு மாறித் திறக்கிறது, அதுவும் இத்தனை வருஷமாக லிப்ட் பழுதுபார்க்கிறவன் கண்ணெதிரேயே, அடியில் குப்பை அடைத்திருக்கும், ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடைத்தால் சரிசெய்துவிடலாம், ஆனால் இங்கே ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத்தான் வேண்டும், உள்ளே மனைவியின் கழுத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நர்ஸைக் கேட்டால் “சொல்லுவாங்க, உக்காருங்க சார்.” யார் சொல்வார்கள், எப்போது? காலையில் டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார், தைராய்டில் வந்த புற்றுநோய்க் கட்டி அங்கேயே கிடக்காமல் பக்கத்து ரத்தக்குழாய்க்குள் புகுந்து வளர்கிறதாம். “முதல்ல கீழ்ப்பக்கம் குழாயைக் கட்டிடுவோம், கட்டியில ஒரு துணுக்கு பிஞ்சு நுரையீரலுக்குப் போயிடக் கூடாது பாருங்க, அப்புறம் குழாயைக் கட்டியோட சேர்த்தே எடுத்துடுவோம்.” குழாயையே எடுத்துவிட்டால் தலையிலிருந்து ரத்தம் எப்படி இறங்கும்? “வலது பக்கம் ஒண்ணு இருக்கே, அது பாத்துக்கும்.” பார்த்துக்கொள்ளுமாம், வீட்டு வேலையைப் பங்கு போடுகிற மாதிரி! கட்டுவதற்கு முன்பே துணுக்கு பிய்ந்துவிட்டால்? அதற்கு மட்டும் “முடிஞ்சதைச் செய்வோம்.”

போதாததற்கு டாக்டரம்மாவின் அந்தக் கேள்வி வேறு. “உள்ள அடைச்சா மேல இருக்கற குழாய் புடைக்கும், இடது பக்கம் நல்லாவே தெரிஞ்சிருக்குமே, நீங்க கவனிக்கலையா?” கவனிக்காமல் என்ன, அவனைவிட யார் கவனித்தார்கள்? கல்யாணமான நாளிலிருந்து அவள் கத்துவதற்கு முன்னால் அது புடைக்கும், அதுதான் அவனுக்குச் சைரன், மகளிடம்கூட “உங்கம்மா கழுத்தைப் பாரு, வாயை மூடிட்டு இரு” என்று கண்ணடிப்பான். இந்த ஆறேழு மாதமாக அது எந்நேரமும் புடைத்தே இருந்தது, அவனும் எந்நேரமும் நழுவிக்கொண்டே இருந்தான், வீட்டில் சண்டையே இல்லையென்று கூட வேலை பார்ப்பவனிடம் பெருமை வேறு அடித்தான், மகா கெட்டிக்காரன்! அப்படியென்றால் அவள் கோபமாகவே இல்லையா, ஒரு நாள்கூடவா? அன்றைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து “ஏங்க, ஒரு நிமிஷம்” என்றாள், அவன் கழுத்தைத்தான் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை, “ஆரம்பிச்சிடாதே தாயே” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான், அவள் வாசல் வரை வந்தாள், குரலை உயர்த்தவில்லை, இப்போதுதான் உறைக்கிறது, குரலை உயர்த்தவே இல்லை, கை கழுத்தில் இருந்ததா, இல்லை சங்கிலியைச் சரிசெய்தாளா... லிப்ட் மூடுகிறது, திறக்கிறது, ஒரு நிமிஷம்தானே கேட்டாள், என்ன சொல்ல வந்தாள்?