ரெட்டை அகராதி

ராதாமணிக்குப் பழைய புத்தகம்னா பைத்தியம். ஜவுளிக்கடை வாசல்ல ஆடித் தள்ளுபடின்னு துணி கட்டித் தொங்கவிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டா. ஹக்கீம் பாய் தன்னோட பழைய பேப்பர் கடையில ஒரு சாக்கைப் பிரிச்சாப் போதும், காய்கறிப் பையைக் கீழே வச்சுட்டு அங்கனயே உட்கார்ந்திருவா. தும்மிக்கிட்டே ஒவ்வொண்ணாப் புரட்டி, முதப் பக்கமும் கடைசிப் பக்கமும் இருந்தா தராசுத் தட்டுல வச்சிருவா. வீட்டுக்கு வந்து மடியில வச்சுத் துடைக்கும்போது அந்த முகத்தைப் பார்க்கணுமே, புதையல் எடுத்தவ கெட்டா!

அதோட நின்னாப் பரவாயில்லை. ஏற்கெனவே வீட்டுல இருக்கிற புத்தகமே கண்ணுல பட்டாலும் விட மனசு வராது. வியாழக்கிழமை தோறும் கடையில இருந்து பேப்பர் லோடு சிவகாசிப் பக்கம் போகும். அட்டையைக் கிழிச்சுட்டுத் தாளை மட்டும் வெடிக்குக் குழாய் உருட்டக் கொண்டுபோயிருவாங்க. ஐயோ பாவம் வெடியாப் போயிருமேன்னு அதையும் தூக்கிட்டு வருவா. அப்படி வந்து சேர்ந்ததுதான் ரெண்டாவது சிவப்பு அகராதி. தடிமன், அட்டை, கிழிஞ்ச மூலை எல்லாம் மொதல் அகராதி மாதிரியேதான்.

புத்தகத்துக்குள்ள கிடைக்கிறதும் அவளுக்குக் கொண்டாட்டம்தான். பஸ் டிக்கெட், மயிலிறகு, ஒரு தடவை யாரோ ஒரு பிள்ளையோட ஜாதகம். விசாக நட்சத்திரமாம். படிக்கிற பக்கத்துக்கு அடையாளம் வைக்க ஆகும்னு சிரிச்சுக்கிட்டே அதை வச்சுக்கிட்டா. நாலு வருஷமா அதுதான் அடையாளம்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் மக இந்துஜா, மறுநாள் போட்டுக்கிட்டுப் போற சுடிதாரை இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தா. காலையில ஒம்பது மணிக்குத் திருநெல்வேலியில சர்டிபிகேட் சரிபார்ப்பு. அரசு நர்சிங் கல்லூரி. ஒரிஜினல் இல்லேன்னா சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிரும்னு போன்லயே சொல்லியிருந்தாங்க. மார்க் ஷீட்டும் டி.சி.யும் கசங்கக் கூடாதுன்னு ராதாமணி ஒரு யோசனை செஞ்சிருந்தா. பைல் எதுக்கு, அகராதி இருக்கும்போது?

அலமாரிக்குப் போய் அகராதியை எடுத்து விரிச்சா. ஒண்ணுமில்லை. தலைகீழாப் பிடிச்சு உதறினா, செத்த பூச்சி ஒண்ணு விழுந்துச்சு. சரி, இன்னொண்ணுல இருக்கும்னு கையை நீட்டினா, அந்த இடம் காலியா இருந்துச்சு.

புருஷன் மாரிராஜ் சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. கேட்டதுக்கு நிதானமாச் சொன்னாரு. கரிசல் வெடிச்சு வீட்டுச் சுவரும் விரிசல் விட்டிருக்காம், அலமாரி பாரம் தாங்காதாம்.

"ரெட்டையா இருந்ததுல ஒண்ணைத்தானே போட்டேன்? காலையில வந்த பழைய பேப்பர் வண்டிக்காரர்கிட்ட."

மனுசன் மேல தப்புச் சொல்ல முடியுமா? ரெட்டையா வாங்கினது யாரு? அந்த வண்டிக்காரர் ஹக்கீம் பாய் கடைக்குத்தான் போடுவாரு. லோடு ஏறுதது ரெண்டு மணிக்கு. மணி ஒண்ணே முக்கால். மககிட்ட ஒண்ணும் சொல்லாம செருப்பை மாட்டினா.

தெருமுனையில ஆட்டோ பிடிச்சா. ரயில்வே கேட் போட்டிருந்தாங்க. சரக்கு ரயிலு, பெட்டி முடியவே மாட்டேங்குது. அந்த எழவெடுத்த ரயிலைத் திட்டினா, அப்புறம் தன்னைத் திட்டினா. அம்மான்னு ஒருத்தி வேணுமா அந்தப் பிள்ளைக்கு? ராத்திரியெல்லாம் முழிச்சுப் படிச்சதைத் தூக்கி எடைக்குப் போட்டாச்சே!

கடை வாசல்ல லாரி இல்லை. ஹக்கீம் பாயும் இல்லை, தொழுகைக்குப் போனவரு இன்னும் வரலைன்னு பக்கத்து டீக்கடையில சொன்னாங்க. லோடு போயிருச்சான்னு கேட்டா, இப்பத்தான் போச்சுன்னு பதில் வந்துச்சு. ராதாமணி கடைக்குள்ள ஏறினா. மூலையில கிழிச்சுப் போட்ட அட்டைகள் குவியலாக் கிடந்துச்சு. அதுல ஒரு சிவப்பு அட்டை. தடிமனான அட்டை, மூலையும் கிழிஞ்சிருக்கு. அதைக் கையில எடுத்தா. அப்படியே சாக்கு மேல உட்கார்ந்துட்டா. இந்துஜா முகத்துல எப்படி முழிக்கன்னு மட்டும்தான் மனசுல ஓடுச்சு.

தொப்பியோட வந்த ஹக்கீம் பாய் பயந்தே போனாரு. திக்கித் திக்கி அவ சொன்னதைக் கேட்டுட்டு, கையில இருந்த அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாரு. இது ஏதோ கம்பெனிக் கணக்கு நோட்டும்மான்னு சொல்லிட்டு, மேசைக்கு அடியில குனிஞ்சாரு. நிமிரும்போது கையில சிவப்பு அகராதி.

"தொழுகைக்குப் போறதுக்கு முன்னாடி லோடுக்குச் சாக்குக் கட்டும்போது கண்ணுல பட்டுச்சு. ரெண்டு வாங்கினவ மூணாவதையும் விடவா போறான்னு உனக்காக எடுத்து வச்சேன்."

அவளுக்குப் பிரிக்கத் தைரியம் வரலை. பாய்தான் பிரிச்சாரு. 'ப' வரிசைக்கும் 'ம' வரிசைக்கும் நடுவுல, ஒரு மடிப்புக்கூட விழாம ரெண்டு தாளும் இருந்துச்சு. முந்தானையை வாயில பொத்திக்கிட்டு அழுதா, பாவம்.

வெள்ளிக்கிழமை சரிபார்ப்பு நல்லபடியா முடிஞ்சுது. சனிக்கிழமை வழக்கம்போலக் கடைக்கு வந்த ராதாமணி, பாய் புதுச் சாக்கைப் பிரிச்சும் உட்காரலை. பைக்குள்ள கையை விட்டு, ஓரம் பழுத்துப்போன ஜாதகத்தை எடுத்து நீட்டினா. இது உங்க கடையில வாங்கின புத்தகத்துல இருந்தது பாய், வாசல்ல தொங்கவிடுங்க, யாராவது தேடி வருவாங்கன்னு சொன்னா.

பாய் அதை விரிச்சு வருஷத்தைப் பார்த்துட்டுச் சிரிச்சாரு. "அந்தப் பிள்ளைக்கு இந்நேரம் கல்யாணம் ஆகிப் பிள்ளையே பிறந்திருக்கும்மா."

"ஆகலேன்னா, பாய்?"

அவரு சிரிப்பை நிறுத்திட்டு ஆணி தேடப் போனாரு.